விறகுக்காட்டுப் பாதையில் டிரக்டர்

(அக்கரப்பத்தனையில் நடைபெற்ற தோட்ட வாகன சாரதிகள், உதவியாளர்கள் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



பள்ளிக்கூட வாத்தியாருக்கு டிரக்டரில் என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். மழைக்காலத்தில் என் வகுப்புப் பிள்ளைகளில் ஒரு பகுதியினர் பள்ளிக்கூடத்துக்கு வந்து இறங்குவதே கொழுந்துப் பெட்டியில்தான். ஆகவே எனக்கும் வேலை இருக்கிறது. ஓட்டுவது எப்படி என்று உங்களுக்குச் சொல்லித்தர நான் வரவில்லை. டீசல் வாசனையிலேயே எந்த வண்டி எந்தத் தோட்டத்து வண்டி என்று சொல்லக்கூடியவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள். நான் பேச வந்தது இரண்டே விடயங்கள். டிரக்டர் ஏன் புரளுகிறது என்பது ஒன்று. புரண்டால் பொறுப்பு யார் தலையில் விழுகிறது என்பது மற்றது. முதலாவது கணக்கு. இரண்டாவது சங்கத்து வேலை.

முதலில் பாதையைப் பார்ப்போம். பத்தனை என்றால் மலைப் புல்வெளி. நம் ஊர்ப் பெயரிலேயே புல்தான் இருக்கிறது. இன்று அந்தச் சரிவுகளில் நிற்கும் யூக்கலிப்டஸ் காடுகள் பெரும்பாலும் தோட்டங்கள் நட்டவை. அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். ஒரு கிலோ தேயிலைத்தூளுக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். மீதி எல்லாம் தண்ணீர். அந்தத் தண்ணீரை வாட்டியும் காயவைத்தும் போக்குவதற்குத்தான் தொழிற்சாலை விறகு கேட்கிறது. தேயிலைக்கு ஆகாத மேட்டு நிலத்திலும், பள்ளத்திலும், கல்லுமலை ஓரத்திலும் விறகுக்காடு வைத்தார்கள். தேயிலை மலைக்குக் கருங்கல் பதித்த பாதை போட்ட பழைய துரைமார்கூட விறகுக்காட்டுக்குப் போட்டது வெறும் மண் தடம்தான். அந்த மண் களிமண். வெயிலில் செங்கல் மாதிரி இருக்கும். வைகாசி பிறந்து தென்மேற்கு மழை இரண்டு நாள் விடாமல் பெய்தால் சவர்க்காரம் தடவிய மாதிரி ஆகிவிடும். மேலே உதிர்ந்து கிடக்கும் யூக்கலிப்டஸ் இலையிலும் பட்டையிலும் ஈரம் பட்டால் என்ன ஆகும் என்பதை அதில் நடந்து போகும் விறகு வெட்டுகிற ஆட்களிடம் கேளுங்கள்.

இப்போது கணக்கு. சாதாரணமாக நம் தோட்டங்களில் இருக்கும் 45 குதிரை வலு டிரக்டர், மெஸி பெர்குசனோ டஃபேயோ, கிட்டத்தட்ட 1.8 முதல் 2 தொன் எடை. பெட்டி பத்தடி நீளம், ஐந்தடி அகலம், இரண்டடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். நூறு கன அடி, அதாவது சுமார் 2.8 கன மீற்றர். விறகுக் கட்டைகளுக்கு நடுவில் இடைவெளி இருக்கும், மூன்றில் ஒரு பங்கைக் கழியுங்கள். பச்சை யூக்கலிப்டஸ் கன மீற்றருக்கு ஒரு தொன் அளவில் நிறுக்கும். அப்படியானால் விறகு மட்டும் இரண்டு தொன்னுக்குக் கொஞ்சம் குறைவு. பெட்டியின் சொந்த எடை ஒரு தொன் வைத்தால் பின்னால் வருவது மூன்று தொன். முன்னால் இழுப்பது இரண்டு தொன். பெட்டிக்குப் பிரேக் இல்லை. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

ஐந்தடி போனால் ஓரடி இறங்குகின்ற பாதை நம் பக்கத்தில் அதிசயம் இல்லை. அந்த இறக்கத்தில் மூன்று தொன் பெட்டி சுமார் 600 கிலோ பாரத்துக்குச் சமமான விசையோடு டிரக்டரை முதுகில் தள்ளும். காய்ந்த தடத்தில் டயர் பிடித்துக்கொள்ளும். சேற்றில் பிடிக்காது. டிரக்டர் பிரேக்கை மிதித்தால் அதன் சக்கரம் நிற்கும், பெட்டி நிற்காது. பெட்டி ஒரு பக்கமாக வந்து டிரக்டரை மடக்கிக் குடை சாய்த்துவிடும். அதனால்தான் அனுபவசாலிகள் இறக்கம் தொடங்குவதற்கு முன்பே வண்டியை நிறுத்தி, ஏறும்போது எந்தக் கியரில் ஏறுவார்களோ அதே கியரைப் போட்டு, கிளச்சிலிருந்து காலை எடுத்துவிட்டு, எஞ்சினைக் கொண்டே இறக்குகிறார்கள். நடு இறக்கத்தில் கியர் மாற்றப் போனவன் கியருக்கும் இல்லை, பிரேக்குக்கும் இல்லை.

நியூட்றலில் விட்டு இறக்கும் பழக்கத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2022 இல் டீசலுக்கு நாள் கணக்கில் வரிசையில் நின்றோமே, அந்தக் காலத்தில் ஒரு போத்தல் டீசலை மிச்சம் பிடித்துக் கொடுத்தவருக்கு நல்ல பெயர் கிடைத்தது. வரிசை போய்விட்டது, பழக்கம் போகவில்லை. டீசல் கம்பனியுடையது. முதுகெலும்பு உங்களுடையது.

இரண்டு பிரேக் பெடல்களையும் பூட்டி வைக்கும் கொண்டியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வயலில் குறுகத் திரும்புவதற்காக வலது, இடது சக்கரங்களுக்குத் தனித்தனிப் பிரேக் வைத்திருக்கிறார்கள். பாதையில் பெட்டியோடு போகும்போது இரண்டும் சேர்ந்து பூட்டியிருக்க வேண்டும். பல வண்டிகளில் அந்தக் கொண்டியே காணாமல் போய்விட்டது. கம்பியால் கட்டியாவது இரண்டையும் ஒன்றாக்குங்கள். கொண்டி வேண்டும் என்று எழுத்தில் கொடுங்கள். எழுத்து ஏன் முக்கியம் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

லேண்ட்மாஸ்டர் ஓட்டுகிற தம்பிமார் பின்வரிசையில் இருக்கிறீர்கள். உங்களுக்குத் தனியாக ஒரு பாடம் இருக்கிறது. இரு சக்கர டிரக்டரில் இடது பக்கக் கிளச்சை அழுத்தினால் வண்டி இடப்பக்கம் திரும்பும். சமதரையிலும் ஏற்றத்திலும் அது சரி. செங்குத்தான இறக்கத்தில் அப்படியே தலைகீழாக மாறும். எஞ்சின் இரண்டு சக்கரங்களையும் பிடித்து நிறுத்திக்கொண்டிருக்கிறது. இடது கிளச்சை அழுத்தினால் இடது சக்கரத்தை மட்டும் விட்டுவிடுகிறது. விடுபட்ட சக்கரம் பின்னாலிருந்து வரும் பாரத்தால் வேகமாக உருளுகிறது. வண்டி வலப்பக்கம் பாய்கிறது. வலப்பக்கம் பள்ளம் என்றால் முடிந்தது. புதிதாக ஓட்டப் பழகுகிறவனுக்கு இதை யாரும் சொல்வதில்லை. அவன் பள்ளத்தை விட்டு விலக நினைத்து அழுத்துகிறான், வண்டி பள்ளத்துக்கே போகிறது. இறக்கத்தில் கிளச்சைத் தொடாமல் கைப்பிடியைத் தள்ளித் திருப்ப வேண்டும், அதுவும் மிக மெதுவாக. பழக்கம் இல்லாதவரை இறக்கத்தில் விடக்கூடாது. ‘இரண்டு நாள் பழகிக்கொள்வான்’ என்று சின்ன துரை சொன்னாலும் விடக்கூடாது.

ஏற்றத்தில் வேறு விதமான ஆபத்து. பின் சக்கரம் சேற்றில் புதைந்துவிட்டது. சாரதி கியரைப் போட்டு வேகத்தைக் கூட்டிக் கிளச்சைச் சட்டென்று விடுகிறார். சக்கரம் சுற்ற முடியாது. எஞ்சினின் பலம் எங்காவது போய்த்தானே ஆக வேண்டும்? சக்கரம் சுற்றாவிட்டால் அச்சைச் சுற்றி டிரக்டரின் உடம்பு சுற்றும். முன் சக்கரம் எழும்பும். எழும்பத் தொடங்கி முக்கால் செக்கனில் திருப்ப முடியாத நிலைக்குப் போய்விடும், ஒன்றரைச் செக்கனில் முழுதாகப் பின்னால் கவிழ்ந்துவிடும். ‘எழும்பினால் கிளச்சை மிதித்துக்கொள்வேன்’ என்று தைரியமாகச் சொல்கிறவர்கள் இந்த முக்கால் செக்கனை நினைத்துப் பாருங்கள். ஒரு மனிதன் கண்டு, புரிந்து, காலைத் தூக்கி வைப்பதற்கே அவ்வளவு நேரம் போய்விடும்.

விறகுக்காட்டில் இதைவிட மோசமான ஒன்று நடக்கிறது. முழு மரத்தைச் சங்கிலி போட்டு இழுக்கிறோம். சங்கிலியை எங்கே மாட்டுகிறோம்? கீழே இருக்கும் இழுவைக் கம்பியில் மாட்டினால் இழுப்பு அச்சுக்குக் கீழே நிற்கும். சிலர் வசதிக்காக அச்சிலேயே சுற்றுகிறார்கள், அல்லது மேலே உள்ள இணைப்புக் கம்பியில் மாட்டுகிறார்கள். மரத்தின் முனை ஒரு வேரிலோ கல்லிலோ தட்டி நின்ற உடனே முன் சக்கரம் வானத்தைப் பார்க்கும். அயர்லாந்துக்காரர் ஹரி பெர்குசன் மூன்று புள்ளி இணைப்பைச் செய்ததற்கு ஒரு காரணமே இந்தப் பின்பக்கப் புரளலைத் தடுப்பதுதான். கலப்பை கல்லில் தட்டினாலும் முன் சக்கரம் நிலத்தை விட்டு எழும்பாதபடி அமைத்தார். அவர் அமைத்த வண்டியில் நாம் சங்கிலியை அச்சில் சுற்றினால் அவர் என்ன செய்வார் பாவம்.

புதைந்தால் என்ன செய்வது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் மழையில் நனைந்து, இருட்டப் போகிறது என்ற அவசரத்தில் மறந்துபோகிறது. சக்கரம் சுற்றச் சுற்றக் குழிதான் ஆழமாகும். நிறுத்துங்கள். பெட்டியைக் கழற்றுங்கள், அல்லது பாரத்தை இறக்குங்கள். வந்த தடத்திலேயே பின்னால் எடுக்கப் பாருங்கள். டிப்பரன்ஷல் லொக் இருந்தால் நேராகப் போகும்போது மட்டும் போட்டு, பிடி கிடைத்ததும் எடுத்துவிடுங்கள். போட்டபடியே வளைவில் திருப்பினால் வண்டி திரும்பாது, நேரே போகும். சுற்றுகிற சக்கரத்துக்கு முன்னால் கையால் கிளையையும் கல்லையும் திணிக்கின்ற வேலை உதவியாளர் தம்பிமாருடைய வேலையாகிவிட்டது. சக்கரம் நின்ற பிறகு மட்டும் வையுங்கள், வைத்துவிட்டு விலகி நில்லுங்கள். இன்னொரு வண்டியால் இழுக்கும்போது கம்பிக் கயிற்றின் நீளத்துக்கு அப்பால் நில்லுங்கள். அறுந்த கம்பி திரும்பி வரும் வேகத்தில் கண்ணுக்குத் தெரியாது.

இனி இரண்டாவது விடயம்.

சாரதியின் திறமையைப் பற்றி இவ்வளவு பேசினேன். விபத்து நடந்த மறுநாள் பிரட்டுக் களத்தில் பேசப்படுவதும் அதுதான். ‘டிரைவர் கவனமாக ஓட்டவில்லை.’ பாதையில் கான் தூர்ந்து கிடந்ததை யாரும் பேசுவதில்லை. பெட்டிக்குப் பிரேக் இல்லாததைப் பேசுவதில்லை. டயரின் பூ தேய்ந்து மொட்டையாக இருந்ததைப் பேசுவதில்லை. மே மாதத்துக்கு முன்பே தொழிற்சாலையில் அடுக்கியிருக்க வேண்டிய விறகை ஜூலை மழையில் ஏன் இழுக்கச் சொன்னார்கள் என்று கேட்பதில்லை. ஜனவரி முதல் மார்ச் வரை பாதை பெரும்பாலும் காய்ந்திருக்கும். வெட்டிப் போட்ட மரமும் காய்ந்து எடை குறையும். காய்ந்த விறகு அடுப்பிலும் நன்றாக எரியும். இதற்கு ஒரு சதம்கூடக் கூடுதல் செலவில்லை. நிர்வாகம் திட்டமிடாததற்கான கூலியைச் சாரதி கொடுக்கிறார்.

பெட்டியில் ஆட்களை ஏற்றுவது அடுத்தது. காலையில் தூர மலைக்கு ஆட்கள், மாலையில் கொழுந்துச் சாக்கின் மேல் பெண்கள், நடுவில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், நேரம் கெட்ட நேரத்தில் வயிற்றுவலியோடு ஒரு கர்ப்பிணி. கடைசியில் சொன்னதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அம்புலன்ஸ் லயத்துக்கு வராத வரையில் அந்தப் பெட்டிதான் அம்புலன்ஸ். எத்தனையோ உயிரை நம் சாரதிகள் நள்ளிரவில் லிந்துலை வரையும் நுவரெலியா வரையும் கொண்டு சேர்த்திருக்கிறார்கள். ஆனால் தினமும் வேலைக்கு ஆள் ஏற்றுவது அவசரம் இல்லை, அது நிர்வாகம் செய்யும் சிக்கனம். சர்வதேச தொழில் அமைப்பு 2001 இல் விவசாயத்தில் பாதுகாப்பும் சுகாதாரமும் பற்றிய 184 ஆம் இலக்கச் சமவாயத்தை நிறைவேற்றியது. ஆட்களை ஏற்றுவதற்கென்று வடிவமைக்கப்படாத, அல்லது அதற்கேற்ப மாற்றப்படாத விவசாய இயந்திரங்களில் ஆட்களை ஏற்றக்கூடாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. உடனடியான, பாரதூரமான ஆபத்து இருக்கிறது என்று நியாயமாக நம்பினால் வேலையிலிருந்து விலகிக்கொள்ளும் உரிமை தொழிலாளிக்கு உண்டு என்பதும் அதிலேயே இருக்கிறது. உலகம் ஒப்புக்கொண்ட அளவுகோல் இது. பேச்சுவார்த்தை மேசையில் இதை வைத்துப் பேசலாம்.

நம் நாட்டுச் சட்டத்துக்கு வருவோம். 1942 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் தொழிற்சாலைக்குள் சுழலும் பட்டைக்கு மூடி போடச் சொல்லும். விறகுக்காட்டுச் சேற்றுக்கு அது வராது. 1934 ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வரும். வேலை காரணமாகவும் வேலையின்போதும் ஏற்பட்ட விபத்துக்குத் தொழில்தருநர் நட்டஈடு கொடுக்க வேண்டும். அது கருணை இல்லை, சட்டம். ஆனால் அதில் ஒரு கதவு இருக்கிறது. அந்தக் கதவைத்தான் இன்று உங்களுக்குக் காட்ட வேண்டும் என்று நினைத்தேன்.

மரணம் ஏற்படாத காயம் என்றால், தொழிலாளி குடிபோதையில் இருந்ததால் நேரடியாக ஏற்பட்டது என்றோ, பாதுகாப்புக்காகத் தெளிவாகக் கொடுக்கப்பட்ட கட்டளையை வேண்டுமென்றே மீறியதால் ஏற்பட்டது என்றோ காட்டினால் நட்டஈட்டுப் பொறுப்பிலிருந்து தொழில்தருநர் தப்பிக்கலாம். இப்போது யோசித்துப் பாருங்கள். ‘பெட்டியில் பயணம் செய்வது தடை’ என்று நிறுவை மடுவத்தில் அழகான பலகை தொங்குகிறது. அதே பலகைக்குக் கீழே நின்று, ‘எல்லோரும் ஏறுங்க, நேரமாகுது’ என்று வாயால் சொல்கிறார்கள். பலகை எழுத்தில் இருக்கிறது, ஏறச் சொன்னது காற்றோடு போய்விட்டது. நாளை பெட்டி புரண்டால் எது சாட்சி? பெயர் சொல்ல விரும்பவில்லை, ஒரு தோட்டத்தில் கால் முறிந்த ஒரு அக்காவுக்கு நடந்தது இதுதான். அவர் ஏறாமல் நின்றிருந்தால் அரைநாள் பெயர் போயிருக்கும். ஏறியதால் ‘கட்டளையை மீறினார்’ என்றார்கள். அந்த அக்காவோடு ஏறிய ஆறு பெண்களும் ஒன்றாக வந்து, யார் ஏறச் சொன்னது, எத்தனை மணிக்குச் சொன்னது என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் கதை மாறியது.

ஆகவே எழுத்து. ஒவ்வொரு டிரக்டருக்கும் ஒரு கொப்பி வையுங்கள். எண்பது பக்கக் கொப்பி போதும். காலையில் திகதி, எந்த மலைக்கு, யார் அனுப்பியது, என்ன பாரம், எத்தனை பேரை ஏற்றச் சொன்னார்கள். பிரேக் எப்படி, டயர் எப்படி, பாதை எப்படி. குறை இருந்தால் ஒரு துண்டில் எழுதிக் கொடுத்து, கொடுத்த நேரத்தைக் கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள். வாங்கியவர் கையெழுத்துப் போட்டால் நல்லது. போட மறுத்தால் ‘மறுத்தார்’ என்று எழுதிப் பக்கத்தில் இருப்பவரிடம் கையெழுத்து வாங்குங்கள். எழுதக் கஷ்டப்படுகிற பெரியவர்களுக்கு வீட்டில் படிக்கிற பிள்ளை எழுதட்டும். கையெழுத்துப் பயிற்சியும் ஆச்சு.

விபத்து நடந்தால், முதலில் ஆளைக் காப்பாற்றுங்கள். அன்றைக்கே தோட்டத்து விபத்துப் பதிவில் ஏற்றச் சொல்லுங்கள். வைத்தியசாலையில் ‘விழுந்துவிட்டேன்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். ‘வேலையில், டிரக்டர் புரண்டு’ என்று சொல்லுங்கள், துண்டில் அப்படியே எழுதப்படட்டும். வண்டியை நகர்த்துவதற்கு முன் தடத்தையும் சக்கரத்தையும் போனில் படம் எடுங்கள். இப்போது எல்லோர் கையிலும் போன் இருக்கிறதே.

அனுமதிப்பத்திரம் பற்றி. இரு சக்கர டிரக்டருக்கு ஜி1, நான்கு சக்கர டிரக்டருக்கு ஜி. கார் ஓட்டும் அனுமதிப்பத்திரம் இருந்தால் போதும் என்று நினைத்திருக்கும் சிலர் இங்கே இருக்கிறீர்கள். ‘தோட்டத்துக்குள்தானே’ என்று சொல்வார்கள். விறகுக்காட்டிலிருந்து தொழிற்சாலைக்கு வர டயகம வீதியைக் குறுக்கே கடக்கிறீர்களா இல்லையா? விபத்து நடந்தால் காப்புறுதிக் கம்பனி முதலில் கேட்பது அந்த அட்டையைத்தான். அட்டை இல்லாதவரை ஓட்டச் சொல்வது நிர்வாகத்தின் குற்றம். ஆனால் நீதிமன்றத்தில் நிற்பது நம் பையன். அனுமதிப்பத்திரச் செலவையும் பயிற்சியையும் தோட்டம் ஏற்க வேண்டும் என்பது நமது கோரிக்கைகளில் ஒன்று.

வண்டியில் பாதுகாப்புச் சட்டகம் வேண்டும் என்பது இன்னொன்று. சாரதியின் பின்னால் வளைவாக நிற்கும் இரும்புச் சட்டகத்தையும் இருக்கைப் பட்டியையும்தான் சொல்கிறேன். சுவீடன் நாடு 1959 இலேயே புதிய டிரக்டர்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது. அதற்குப் பிறகு அங்கே டிரக்டர் புரண்டு சாவது அபூர்வமாகிவிட்டது. மரக்கிளையில் இடிக்கும் என்றால் மடக்கி வைக்கக்கூடிய சட்டகமும் உண்டு. மடக்கியிருக்கும்போது மட்டும் பட்டியைப் போடாதீர்கள். சட்டகம் நிமிர்ந்திருந்தால்தான் பட்டி காப்பாற்றும். சில தோட்டங்களில் வண்டியோடு வந்த சட்டகத்தையே கழற்றிக் கூரை போட்டிருக்கிறார்கள். வெயிலும் மழையும் படாதாம். தகரக் கூரை இரண்டு தொன்னைத் தாங்காது.

பாதையைப் பற்றிச் சொல்லாமல் இறங்க முடியாது. 1987 ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தைக் காட்டி, தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவிட முடியாது என்று முப்பது வருடம் சொன்னார்கள். 2018 இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. அதே ஆண்டுத் தேர்தலோடு அக்கரப்பத்தனைக்கென்றே தனிப் பிரதேச சபையும் வந்தது. ஆகவே லயத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகும் பாதைக்குச் சபையிடம் கேட்கலாம். ஆனால் ஒன்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். விறகுக்காட்டுத் தடம் கம்பனியின் உற்பத்திப் பாதை. அதற்குக் கிறவல் போடுவதும், கான் வெட்டுவதும், வளைவில் மதகு வைப்பதும் கம்பனியின் செலவு. சபையிடம் கேளுங்கள் என்று அவர்கள் கை காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். 2025 நவம்பரில் டித்வா புயலுக்குப் பிறகு மலையகத்தில் எத்தனை பாதைகள் போயின என்று பார்த்தோம். தண்ணீர் ஓட வழி இல்லாத பாதை முதலில் போகும். பாதையில் தேங்கும் தண்ணீருக்கு ஒரு கான் வெட்ட இரண்டு ஆளுக்கு ஒரு நாள் பெயர் போதும்.

2021 இல் சம்பள நிர்ணய சபை ஆயிரம் ரூபாய் சம்பளத்தைத் தீர்மானித்தபோது கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்தை விட்டு விலகிக்கொண்டன. அன்றிலிருந்து சம்பளத்தைத் தவிர மற்ற வேலை நிலைமைகளைப் பற்றி ஒரே மேசையில் உட்கார்ந்து பேச இடமில்லாமல் இருக்கிறது. அதனால் இதைத் தோட்டம் தோட்டமாகத்தான் பேசியாக வேண்டும். பெட்டிக்குப் பிரேக், சட்டகம், டயர், அனுமதிப்பத்திரச் செலவு, உதவியாளர் இல்லாமல் விறகுக்காட்டுக்கு அனுப்பக்கூடாது என்பது, ஆட்களுக்குத் தனி வாகனம், விறகு இழுப்பதை ஏப்ரலோடு முடிப்பது, பாதை மோசம் என்று சாரதி சொன்னால் அன்றைய பெயரை வெட்டாமல் வேறு வேலை கொடுப்பது. இவற்றில் கடைசியாகச் சொன்னதற்குத்தான் எதிர்ப்பு அதிகம் இருக்கும். அதை விட்டுக்கொடுத்துவிட்டு மற்றதை எல்லாம் வாங்கினாலும் பிரயோசனம் குறைவு என்பது என் அபிப்பிராயம். மழையில் ‘முடியாது’ என்று சொல்லும் சாரதிக்குச் சம்பளம் போனால், அவர் அடுத்த முறை முடியாது என்று சொல்ல மாட்டார்.

வாசலில் மாதர் சங்கத் தலைவி கோரிக்கைத் தாளோடு இருக்கிறார். சாரதிகளும் உதவியாளர்களும் மட்டுமில்லை, பெட்டியில் ஏறுகிற எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். தாளின் பின்பக்கத்தில் உங்கள் தோட்டத்து விறகுக்காட்டுப் பாதையில் வண்டி எந்த இடத்தில் புதைகிறது, எந்த வளைவில் சறுக்குகிறது என்று எழுதுங்கள். எழுதுவதற்குப் பேனா போதாவிட்டால் என் பையில் சிவப்புப் பேனா ஒரு பெட்டி இருக்கிறது.